இடப்பக்கம் முக்கால் அங்குலம்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஜீப்பில் பேய் இருக்கிறது என்று அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சரிந்து நிற்கிறது என்று மட்டும்தான் சொன்னார்.

சரிந்துதான் நின்றது. இடப்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்வு. அளந்து பார்த்தேன்.

ஜீப் என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மையில் அது இருபது வருடப் பழைய ஃபோர் வீல் ட்ரைவ். பெட்டி மாதிரி இருக்கும். மழை பெய்தால் உள்ளே செம்மறியாட்டு மணம் வரும். வேல்ஸில் ஆடு வளர்க்கும் ஒருவரிடமிருந்து என் மனைவி மேனுஷா வாங்கியது. அவளுக்கு வங்கியில் வேலை. சனிக்கிழமைகளில் சேறு. எங்கேயாவது மலையடிவாரத்தில் ஜீப்பைச் சேற்றுக்குள் இறக்கி, பிறகு வெளியே எடுப்பாள். அவ்வளவுதான் பொழுதுபோக்கு. நான் பக்கத்தில் இருந்து வரைபடம் பார்ப்பேன்.

பதினாறு மாதங்களுக்கு முன் அவள் இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய். செவ்வாய்க்கிழமை.

அடுத்த வாரம் அம்மா லண்டனின் சட்டன் பகுதியிலிருந்து இரண்டு சூட்கேசுகளுடன் மிச்சம் என்ற எங்கள் பகுதிக்கு வந்தார். ஒரு கிழமை நிற்பதாகச் சொன்னார். இன்னும் நிற்கிறார். அம்மா கேள்வி கேட்பார். நான் ஓம் என்பேன். அது எனக்கு வசதியாக இருந்தது. திரைச்சீலை மாறியது. சோபா மாறியது. செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி என்று ஆனது. கோயில் அன்னதானக் குழுவில் நான் ஓர் உறுப்பினர் என்பதைக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் அறிந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் அம்மா சொன்னார்.

"வாற ஞாயிறு பத்து மணிக்குப் பத்மநாதன் வருவார். சாவியைத் தேடி வை."

"என்ன சாவி?"

"ஜீப் சாவி. ஈஸ்ட்ஹாமிலயிருந்து வாறார், காக்க வைக்கக்கூடாது. வித்தாச்செல்லே."

"ஆர் வித்தது?"

"நீதான். கேட்டனான், ஓம் எண்டனி."

"எப்ப?"

"புதன்கிழமை. நான் பருப்புத் தாளிக்கேக்க."

நினைத்துப் பார்த்தேன். பருப்பு ஞாபகம் இருந்தது.

"அம்மா, வேண்டாம்," என்றேன்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். பதினாறு மாதங்களில் இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"ஏன் வேண்டாம்? நீ அதை ஓடுறதே?"

ஓட்டுவதில்லை. பத்தொன்பது வயதிலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை. பற்றரி இறங்கிவிடக்கூடாது என்று ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவேன். அதையும் இடப்பக்கத்துக் கதவால் ஏறி, என் வழக்கமான இடத்தில் இருந்து, கையை எட்டி நீட்டிச் சாவியைத் திருப்பித்தான் செய்வேன்.

"ஓடுறதில்லை. ஆனா வேணும்," என்றேன்.

எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. நெடுநாளாக எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே அதை விட மனம் வரவில்லை.

அம்மா என்னை மேல்மாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே ஜீப்பின் கூரை தெரிந்தது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு மதில். இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

"பாத்தியே? இடப்பக்கம் பதிஞ்சு கிடக்கு. ஆரோ ஏறி இருக்கிற மாதிரி."

"ஆர்?"

"எனக்கென்ன தெரியும்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஆம்பிளையின்ர இடப்பக்கம் ஆற்ற இடம் எண்டு உனக்குத் தெரியாதே?"

கல்யாண மணவறையில் மனைவி கணவனின் இடப்பக்கம் இருப்பாள். அம்மாவின் கணக்கு விளங்கியது. ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. மேனுஷா ஒருநாளும் ஜீப்பின் இடப்பக்கம் இருந்ததில்லை. அவள்தான் ஓட்டுவாள். இடப்பக்கம் இருந்தது நான். அங்கே ஒரு பேய் இருக்குமானால் அது நானாகத்தான் இருக்கவேண்டும்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டியிருப்பார்.

"நேராக்கிப் போட்டா?" என்று கேட்டேன்.

அம்மா யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் வரேக்க நேரா நிண்டா, நிக்கட்டும். சரிஞ்சு நிண்டா அவர் கொண்டு போகட்டும்."

"ஓம்," என்றேன். இந்த முறை கேட்டுவிட்டுச் சொன்னேன்.

யோகலிங்கம் அங்கிளின் கராஜ் ட்ராம் பாதைக்குப் பின்னால் இருக்கிறது. நாற்பது வருடமாக இந்தத் தொழில். அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு வாகனத்துக்கு அடியில் கிடந்தபடிதான் கதைப்பார். வாடிக்கையாளர்கள் அவருடைய சப்பாத்துகளைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். திங்கட்கிழமை தானே வந்து ஜீப்பை எடுத்துப் போனார். புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். உடன வாங்கோ."

கந்தோரில் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனேன். வேலைமேசையில் முன்சில்லுகளின் ஸ்பிரிங் இரண்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை உயரம். கம்பியும் கொஞ்சம் தடிப்பு. உயரமானதில் பச்சை நிறத்தில் ஒரு கோடு. மற்றதில் மஞ்சள்.

யோகலிங்கம் அங்கிள் அன்றைக்கு எழும்பி நின்றார். அவ்வளவு கோபம்.

"இது வலப்பக்கம் கிடந்தது. இது இடப்பக்கம். உயரம் வேற, தடிப்பு வேற. சோடி எண்டா சோடியா இருக்கவேணும். உங்கட காலில கிடக்கிற சப்பாத்து அப்பிடியே?"

பார்த்தேன். இல்லை.

"உந்த வேல்ஸ்காரன் ஆட்டுக்கொட்டிலுக்க கிடந்ததைப் பொறுக்கிப் பூட்டியிருக்கிறான். பெயின்ற் அடிச்ச தூரிகையைத் துடைச்சும் இருக்கிறான், பாருங்கோ. பச்சையில ஒண்டு, மஞ்சளில ஒண்டு. பின்னுக்கும் இதே கூத்துத்தான்."

"மேனுஷா பாத்துத்தான் வாங்கினவ."

"பிள்ளையைக் குறை சொல்லேல்லை. அந்தப் பிள்ளை நல்லா வாகனம் ஓடும். ஆனா ஆட்டுக்காரனை நம்பிப் போட்டுது."

புதிய ஸ்பிரிங்குகளை ஏற்கெனவே வரவழைத்திருந்தார். முன்னுக்கு இரண்டும் ஒரே மாதிரி, பின்னுக்கு இரண்டும் ஒரே மாதிரி. "எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்," என்று தட்டிக் காட்டினார்.

"பழசை எறிஞ்சிடாதேங்கோ, அங்கிள்."

"நான் ஒண்டும் எறியிறதில்லை."

அது உண்மை. கராஜின் மூலையில் ஒரு மணவறைக் கதிரைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யோகலிங்கம் அங்கிள் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அம்மா முதலில் மேல்மாடிக்குப் போய் மதிலோடு வைத்துப் பார்த்தார். பிறகு கீழே வந்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து எஞ்சின் மூடியான பொனற்றின் மேல் வைத்தார். அந்த ஜீப்பின் பொனற் மேசை மாதிரித் தட்டை. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது.

"போயிட்டுது," என்றார் அம்மா.

"என்ன போயிட்டுது?"

"சரிவு."

நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். யோகலிங்கம் அங்கிள் அரை அடி முன்னால் எடுத்து நசித்தார். அம்மா திருநீறு பூசினார்: பொனற்றுக்கு, எனக்கு, யோகலிங்கம் அங்கிளுக்கு. எல்லாரும் சந்தோசமாக இருந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இனி நீ ஏறி இரு பாப்பம். ஓடுற பக்கம்," என்றார் அம்மா.

வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அந்த இடத்தில் நான் முன்பு இருந்ததில்லை. ஆசனம் மேனுஷாவின் உயரத்துக்கு முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது; குள்ளமான யோகலிங்கம் அங்கிளும் அதை மாற்றியிருக்கவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் முட்டின. அப்படியே இருந்தேன்.

தாம்பாளத்தின் வலப்பக்க விளிம்பால் தண்ணீர் வழிந்தது.

அம்மா தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"தர்சி, இறங்கு."

இறங்கினேன். தண்ணீர் மட்டத்துக்கு வந்தது.

"ஏறு."

வழிந்தது.

"இறங்கு."

நாலு முறை ஏறி இறங்கினேன். ஐந்தாவது முறைக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் போதவில்லை.

"தங்கச்சி, அது பாரம்," என்றார் யோகலிங்கம் அங்கிள்.

"பாரம் எண்டு எனக்கும் தெரியும், அண்ணை. ஆற்ற பாரம்? இவன் கோதுமாதிரி இருக்கிறான். இவன் ஏறினா ஒரு வாகனம் சரியுமே?"

என் நிறை அறுபத்தொரு கிலோ. அதில் அம்மா சொன்னது சரி.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "முந்திப் பக்கத்தில இருந்தவள். இப்ப மடியில ஏறியிட்டாள்."

யோகலிங்கம் அங்கிள் தனக்குக் கராஜில் ஒரு கார் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தே போய்விட்டார். அம்மா உள்ளே போய்ப் பத்மநாதனுக்குப் போன் எடுத்து, ஞாயிறு பத்து மணியை உறுதிப்படுத்தினார்.

சனிக்கிழமை காலை குப்பைத்தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு மாதங்கி தன் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். ரயில் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர்.

"என்ன தர்சிகன், நேத்து ஏறி ஏறி இறங்கிட்டு இருந்தீங்க? எக்சர்சைஸா?"

"இல்லை. பேய் இருக்கோ எண்டு பாத்தம்."

"இருந்துச்சா?"

"மடியில இருந்ததாம்."

மாதங்கி சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் முன்னால் யாரும் சிரிப்பதில்லை. பரவாயில்லை என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன். ஸ்பிரிங் என்ற இடத்தில் அவர் முகம் மாறியது.

"ஒரு நிமிஷம். பழைய ஸ்பிரிங் ரெண்டும் வேற வேற உயரமா? கலர் கோடு இருந்துச்சா?"

"பச்சை ஒண்டு. மஞ்சள் ஒண்டு. ஆட்டுக்காரர் தூரிகை துடைச்சவராம்."

"ஐயோ, யாருங்க சொன்னது? அது அடையாளம். எது எந்தப் பக்கம்னு தெரியறதுக்குக் கம்பெனியிலயே போடறது. ரெண்டும் வேறயாத்தான் இருக்கணும்."

"ஏன்?"

மாதங்கி தொட்டியை விட்டுவிட்டு ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார். "நான் பாக்கறது ரயில் ஸ்பிரிங்தான், ஆனா விஷயம் ஒண்ணுதான். ஒரு வண்டி ஓடுதுன்னா உள்ள யார் கண்டிப்பா இருப்பாங்க?"

"ஓட்டுறவர்."

"ஆமா. எப்பவுமே இருப்பார். இந்த மாதிரி வண்டியில பெட்ரோல் டேங்கும் அநேகமா அதே பக்கம். பக்கத்து சீட்ல ஆள் வரலாம், வராமலும் போகலாம். அந்த ஆளை நம்பிக் கணக்குப் போட முடியாது. அதனால டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்க கொஞ்சம் உயரமா, கெட்டியா வைப்பாங்க. டிரைவர் ஏறினதும் அது அமுங்கி வண்டி நேரா வந்துடும். ஆள் இல்லாம சும்மா நின்னா இடப்பக்கம் சரிஞ்சுதான் நிக்கும். ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கற நாடுகளுக்குப் போற வண்டியில அப்படியே பக்கம் மாத்திப் போடுவாங்க."

"எல்லா வாகனத்திலயும் இப்பிடியா?"

"எல்லாத்துலயும் இல்ல. பழைய ஃபோர் வீல் சிலதுல. உங்க வண்டி கரெக்டா இருந்துச்சு. இப்பதான் கெடுத்து வெச்சிருக்கீங்க."

பக்கத்து ஆசனத்தைப் பார்த்தேன். மூன்று வருடம் அதில் இருந்து வரைபடம் பார்த்திருக்கிறேன். அதை வடிவமைத்தவர்கள் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வரலாம், வராமலும் போகலாம். அவளைத்தான் நிச்சயம் என்று எடுத்திருந்தார்கள்.

உள்ளே போய் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். கடுதாசியில் படமும் கீறினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"இதை ஆர் சொன்னது? பக்கத்து வீட்டுப் பிள்ளையே?"

"ஓம். எஞ்சினியர்."

"அவ இந்தியா. எங்கட பேயைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும்?"

"அம்மா, இது ஸ்பிரிங்."

"ரயிலில எத்தினை சனம் ஏறி இறங்குது. அதில பேய் தங்காது. இது அப்பிடியே?"

நான் பஸ் பிடித்துக் கராஜுக்குப் போனேன்.

யோகலிங்கம் அங்கிள் ஒரு வானுக்கு அடியில் கிடந்தார். சப்பாத்துகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். ஸ்பானர் நின்றது.

"அப்ப நான் நாப்பது வரியமாப் பிழையாப் பூட்டினனானோ?"

"எல்லாத்திலயும் இல்லை, அங்கிள். இந்த மாதிரிச் சிலதில மட்டும்தான்."

வானுக்கு அடியில் முணுமுணுப்புக் கேட்டது. அவர் எண்ணுகிறார் என்று விளங்கியது.

"ஏழு," என்றார் கடைசியில். "ஏழு ஜீப். அதில ஒண்டு கோயில் ஐயரின்ர." ஸ்பானரைக் கீழே வைத்தார். "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டேன். பச்சைக் கோடு போட்டது கராஜ் கதவு மூடாமல் முண்டு கொடுத்துக்கொண்டு நின்றது. மஞ்சள் கோடு போட்டதற்கு மேல் ஒரு பலகை வைத்து, அதன் மேல் தேத்தண்ணீர்க் கேத்தல் இருந்தது. மூன்றே நாளில் அவை கராஜின் தளபாடமாகிவிட்டன. கேத்தலை இறக்க அவருக்கு மனமேயில்லை. பின் ஸ்பிரிங்குகளை மணவறைக் கதிரைக்கு அடியிலிருந்து எடுத்தோம்.

ஜீப்பை அவரே வந்து எடுத்துப்போய், பின்னேரம் நாலு மணிக்குப் பழையபடி பூட்டி முடித்தார். பூட்டும்போது எது எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மாதங்கிக்குப் போன் எடுத்தேன். "உயரமானது டிரைவர் பக்கம்ங்க," என்றார். யோகலிங்கம் அங்கிள் அதைக் கராஜ் சுவரில் சோக்கட்டியால் எழுதி வைத்தார். பிறகு யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அழித்தார்.

இப்போது ஆளில்லாமல் நின்றால் ஜீப் சரியும். நான் ஏறினால் நேராக நிற்கும். அம்மாவின் நிபந்தனை, பத்மநாதன் வரும்போது நேராக நிற்கவேண்டும் என்பது. உள்ளே ஆள் இருக்கக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஏறி இருந்தேன்.

ஒன்பது மணிக்கு அம்மா தாம்பாளத்தோடு வந்தார். வைத்துப் பார்த்தார். நேராக நின்றது.

"இறங்கு பாப்பம்."

"மாட்டன்."

"ஏன்?"

"இறங்கினாச் சரியும்."

"அப்ப நீ எவ்வளவு நேரத்துக்கு உதுக்குள்ள இருப்பாய்?"

"பத்மநாதன் அண்ணை போகும் வரைக்கும்."

"சாப்பாடு?"

"ஜன்னலால தாங்கோ."

அம்மா உள்ளே போனார். கதவு பலமாகச் சாத்தப்பட்டது. கால் மணி நேரத்தில் ஜன்னலால் ஒரு கோப்பை தேத்தண்ணீரும் இரண்டு றோல்ஸும் வந்தன. கோபம் வேறு, பசி வேறு என்பதில் அம்மா தெளிவு.

பத்து மணிக்குப் பத்மநாதன் அண்ணை ரயிலும் ட்ராமும் மாறி வந்து சேர்ந்தார். கோட் சூட். கையில் டாஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார். நல்ல பருமனான மனிதர். கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் ஒழுங்கு செய்வது அவர் தொழில். இதுவரை குதிரை வைத்திருந்தார். போன மாதம் இல்ஃபோர்டில் அந்தக் குதிரை மாப்பிள்ளைத் தோழனைக் கடித்துவிட்டது.

"தம்பி, இறங்குங்கோவன். ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்."

"ஏலாது, அண்ணை."

"ஏன்?"

"இறங்கினாச் சரியும்."

"சரியட்டும். பூவால மூடிவிட்டா ஆருக்குத் தெரியப் போகுது?" அவர் கூரையைத் தட்டினார். "இதை வெட்டி எடுத்துப்போட்டு முழுக்க வெள்ளை அடிக்கிறது. மாப்பிள்ளை எழும்பி நிண்டு கை காட்டலாம்."

கூரையை வெட்டுவது எனக்குப் புதுச் செய்தி. அம்மாவுக்கும்தான்.

"நான் விக்கேல்லை, அண்ணை," என்றேன்.

"அம்மா வித்தாச்சு எண்டாவே?"

"ஓம் எண்டு சொன்னது நான்தான். ஆனா கேக்காமச் சொல்லிப் போட்டன்."

பத்மநாதன் அண்ணை அம்மாவைப் பார்த்தார். அம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை. நிபந்தனை நிபந்தனைதான், ஆனால் மகன் கோப்பையும் கையுமாக உள்ளே இருக்கும்போது அதை எப்படிக் கணக்கிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, நீங்கள் இருங்கோ. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன். நீங்கள் ஓடுங்கோ," என்று சொல்லிக்கொண்டு பத்மநாதன் அண்ணை இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஐயோ தம்பி, உதில இருக்காதேங்கோ!" என்று அம்மா கத்தினார்.

அவர் இருந்துவிட்டார்.

ஜீப் இடப்பக்கம் பதிந்தது. முக்கால் அங்குலம் இல்லை, நல்ல இரண்டு அங்குலம். தாம்பாளம் பொனற்றில் வழுக்கிக்கொண்டு போய்த் தெருவில் விழுந்து, நீண்ட நேரம் சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டு ஓய்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

அம்மா மெல்லக் கிட்ட வந்து பத்மநாதன் அண்ணையின் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது நீங்களோ?"

"வேற ஆர் அக்கா?"

"ஒருக்கா இறங்குங்கோ."

இறங்கினார். ஜீப் நிமிர்ந்தது.

"ஏறுங்கோ."

பதிந்தது.

"இறங்குங்கோ."

"அக்கா, எனக்கு முழங்கால் வருத்தம்."

"இன்னும் ஒருக்கா மட்டும்."

மூன்று முறை ஏறி இறங்கினார். பிறகு அம்மா என் பக்கம் வந்தார். என்னையும் இறங்கச் சொன்னார். குரல் வேறு மாதிரி இருந்தது, இறங்கினேன். ஆளில்லாத ஜீப் இடப்பக்கம் முக்கால் அங்குலம் சரிந்தது. ஏறச் சொன்னார். நிமிர்ந்தது. அம்மா அதை ஒரு கறியின் உப்பைப் பார்ப்பது மாதிரிக் கவனமாகப் பார்த்தார்.

"அப்ப, ஓடுறதுக்கு ஆள் இல்லாட்டித்தான் அது சரியுது."

"ஓம்."

"நீ ஓடாமல் விட்டதாலதான் பதினாறு மாசமாச் சரிஞ்சு நிண்டது."

"ஓம்."

அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவள் இல்லையே, தர்சி?"

"இல்லை, அம்மா."

அதை நான் வாயால் சொன்னது அன்றுதான். ஆஸ்பத்திரியில் சொன்னவர் வைத்தியர். மற்றவர்களுக்குச் சொன்னது அம்மா. கோயிலில் பெயர் சொன்னது ஐயர். எனக்கு அந்த வேலை வரவேயில்லை.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பத்மநாதன் அண்ணை பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு, தொழில் தொழில்தானே, கேட்டார்.

"அக்கா, அப்ப என்ர ஜீப்?"

"நீங்கள் குதிரையையே வைச்சிருங்கோ, தம்பி."

"அது கடிக்குது அக்கா."

"வாயைக் கட்டிப் போட்டு, பூவால மூடிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப் போகுது?"

அவ்வளவு தூரம் வந்த மனிதரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று அம்மா எட்டு றோல்ஸ் சுற்றிக் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவரை உந்த முழங்காலோட ட்ராமில விடுறதே? கொண்டு போய் ஈஸ்ட்ஹாமில இறக்கிப் போட்டு வா."

"நானோ?"

"வேற ஆர்? நீதான் ஏறி இருக்கிறாய்."

ஆசனத்துக்குக் கீழே கையை விட்டேன். நெம்பு இருந்தது. அதை இழுத்துப் பின்னால் தள்ளினேன். முதலில் அசையவில்லை. இரண்டாவது முறை நான்கு கிளிக் சத்தம் கேட்டது. முழங்கால்களுக்கு இடம் வந்தது. அவளுடைய அளவை எதிலும் குறித்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. நான்கு கிளிக். அதை மறக்கமாட்டேன்.

அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுச் செருப்போடு வந்து பின் ஆசனத்தில் ஏறினார்.

"நீங்கள் எங்க?"

"கலியாணம் கட்டினதிலயிருந்து நீ ஓடேல்லை. இந்த மனிசன் தனிய என்னெண்டு உன்னோட வாறது?"

கிளம்பும் முன்பே இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாவது முறை ஜீப் துள்ளிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. தெருவில் கிடந்த தாம்பாளத்தின் மேல் முன்சில்லு ஏறியது. அதை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. அம்மா "பரவாயில்லை, ஓடு" என்றார். மாதங்கி வாசலில் நின்று இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். பெற்றோல் முள் சிவப்புக்குக் கீழே கிடந்தது. முதல் பெற்றோல் ஷெட் மட்டும் இருபது மைல் வேகத்தில் போனோம். பின்னால் மூன்று பஸ் வந்தன.

கொலியர்ஸ் வுட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பத்மநாதன் அண்ணை இருக்கை வாரைப் பிடித்துக்கொண்டு, தன் பக்க ஜன்னலால் கீழே பார்த்தார்.

"தம்பி, சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. இஞ்சால நல்லாச் சரியுது போல கிடக்கு."

"அது நீங்கள்தான், தம்பி," என்றார் பின்னாலிருந்து அம்மா. "பேசாம இருங்கோ. பிள்ளை ஓடுறான்."